மக்கர் செய்யும் மடக்குக்கத்தி

கேள்வி:



பண்ருட்டிப் பக்கம் எனக்குப் பலாத்தோப்பும் கொஞ்சம் முந்திரிக்காடும் உண்டு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மருமகன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது ஒரு மடக்குக்கத்தி கொடுத்தார். அலகில் ‘டி2’ என்று பொறித்திருக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறக்கலாம். முழுக்கத் திறந்ததும் பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு நகர்ந்துவந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் வழுக்கிக்கொண்டு திறந்தது. பலா சீசன் முழுக்க அதைத்தான் இடுப்பில் வைத்திருந்தேன். ஆனி கடைசியில் இறுக ஆரம்பித்தது. தேங்காயெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் அருமையாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். மார்கழியில் காலை நேரத்தில் திறக்கவே வரவில்லை. தெரிந்த பையன் ஒருவன் திருகைத் தளர்த்திக் கொடுத்தான். சுலபமாகத் திறந்தது, ஆனால் அலகு இடமும் வலமும் ஆடியது. இறுக்கினால் திறக்கவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது. இதற்குச் சரியான எண்ணெய் எது? எவ்வளவு விட வேண்டும்? திருகை எந்த அளவில் நிறுத்துவது? வீடியோக்களில் காட்டுவதுபோல் பூட்டை விட்டதும் அலகு தானே விழுந்து மூடும்படி செய்ய முடியுமா?

இன்னொன்று. அப்பா வைத்திருந்த பழைய பேனாக்கத்தி ஒன்று இருக்கிறது. மரப்பிடி, திருகே கிடையாது, ஆணி அடித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதைத் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். அதற்கும் ஏதாவது வழி உண்டா?

— வாசகர் ஒருவர், பண்ருட்டி

பதில்:

எந்த எண்ணெய் என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்த வரையில், உங்கள் கத்தியின் கோளாறு எண்ணெய்க் குறைவால் வந்ததாகத் தெரியவில்லை. உள்ளே பலாப்பால் இருக்கிறது. அதோடு தேங்காயெண்ணெய் சேர்ந்திருக்கிறது. அது போதாதென்று திருகையும் கலைத்தாயிற்று. முதலில் அழுக்கு போகட்டும். எண்ணெயும் திருகும் அதற்கப்புறம்தான்.

பலாப்பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையில் எண்ணெய் தடவாமல் உங்கள் ஊரில் யாரும் பழத்தில் கை வைப்பதில்லை. கத்திக்குள்ளும் அதுதான் நடந்தது. நீங்கள் விட்ட எண்ணெய் கெட்டிப்பட்டிருந்த பாலை இளக்கியது. இரண்டு நாள் சுகமாகத் திறந்தது. ஆனால் கையைத் துடைப்பதுபோல் கத்தியின் உள்பக்கத்தை யாரும் துடைக்கவில்லையே! இளகிய பால் எண்ணெயோடு கலந்து இன்னும் உள்ளே போய், வாஷருக்கும் அலகுக்கும் நடுவில் தங்கிவிட்டது. தோப்பு மண்ணும் இடுப்பு வேட்டியின் பஞ்சும் அதில் ஒட்டிப் பிசுக்காகிவிட்டன. மார்கழிக் காலையில் திறக்காததற்குக் காரணம் வேறு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். அலமாரியில் இருக்கும் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கிறதே, அதே எண்ணெய்தான் கத்திக்குள்ளும் உறைந்து நின்றிருக்கிறது. வெயில் ஏறியதும் கொஞ்சம் இளகியிருக்குமே, கவனித்தீர்களா?

முந்திரிக்காடும் உண்டு என்று எழுதியிருப்பதால் ஒன்று கேட்டுவிடுகிறேன்: அந்தக் கத்தியால் பச்சை முந்திரிக்கொட்டையைப் பிளந்தீர்களா? பிளந்திருந்தால் வேலை சற்றுக் கடினம். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது நாளடைவில் இறுகிப் பிசினாகிவிடும் சரக்கும்கூட. வண்டிகளின் பிரேக் லைனிங்கிலும் வார்னிஷ் வகைகளிலும் அதைச் சேர்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். பலாப்பால் என்றால் வெளியிலிருந்தே கழுவி எடுக்கலாம். முந்திரி எண்ணெய் இறுகியிருந்தால் கத்தியைப் பிரித்துச் சுரண்டத்தான் வேண்டும்.

கழுவுவதற்கு முன்னால், எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் கத்தி லைனர் லாக் வகை. பிடியின் உள்பக்கத் தகடே ஒரு பக்கம் வெட்டிவிடப்பட்டு, ஸ்பிரிங்போல் உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், அதுதான் பூட்டு. இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்தி வினைஞர், 1980களில். அந்தத் தகட்டில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குண்டு பதித்திருக்கும். கத்தியை மூடினால் அந்தக் குண்டு அலகின் அடிப்பகுதியில் உள்ள சிறு குழியில் போய் உட்காரும். இடுப்பில் இருக்கும்போது அலகு தானாகத் திறந்து உங்களைக் குத்தாமல் காப்பது அந்தக் குண்டுதான்.

மூடிய நிலையிலிருந்து கிளப்பும்போது மட்டும் முரண்டு பிடித்து, அப்புறம் சரளமாக வந்தால், அது குண்டின் வேலை, கோளாறு அல்ல. அதற்காகத் திருகைத் தளர்த்தக் கூடாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகக் கனத்தால் வாஷர் பக்கம் அழுக்கு, அல்லது திருகு அதிக இறுக்கம். நடுவில் நறநறவென்றால் மண்ணோ துருவோ இருக்கிறது. இதில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அலகைப் பாதி திறந்து, பூட்டுத் தகட்டை விரலால் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். இப்போது லேசாக வந்தால் உராய்வு குண்டிடம் இருக்கிறது. அப்போதும் கனத்தால் வாஷரிடம். கத்தி ரிப்பேர் செய்பவர்கள் பலர் இதைப் பார்க்காமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள்.

கழுவுவதைப் பார்ப்போம். அதற்கு முன் அலகின் கூர்ப்பக்கத்தில் மடித்த அட்டையை வைத்து டேப் சுற்றிவிடுங்கள். கையில் சோப்பும் எண்ணெயும் இருக்கும், திறந்து மூடிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். பூட்டை விடும்போது விரல் அலகின் பாதையில்தான் இருக்கும். அட்டை தடுத்துக் கத்தி முழுக்க மூடாது. பரவாயில்லை, முக்கால்வாசி அசைவு போதும்.

பலாப்பாலுக்கு மண்ணெண்ணெய் நல்லது. இப்போது அது கிடைப்பது அரிது. பெயின்ட் கடையில் டர்பன்டைன் கிடைக்கும். திருகு இருக்கும் இடத்தில் அலகின் இரண்டு பக்கமும் சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிடி பிளாஸ்டிக் என்றால் முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். ஊறியதும் திறந்து மூடித் திறந்து மூடிப் பாருங்கள். பழுப்பாக ஒரு கசடு இடுக்கிலிருந்து பிதுங்கும். பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வருவது தெளிவாகும்வரை இதே வேலை. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும். அலசி, துணியால் ஒற்றி, சைக்கிள் பம்ப்பால் இடுக்கில் காற்றடியுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அழுக்குத் தண்ணீர் கண்ணுக்குத்தான் வரும். கடைசியாக மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் சில சொட்டு. எஞ்சிய ஈரத்தையும் எண்ணெயையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசரை ஊற்றிவிடாதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும்.

இங்கேயே பாதிக்கு மேற்பட்ட கத்திகள் குணமாகிவிடும். உங்களுடையதும் நறநறப்பு இல்லாமல் சரளமாக வந்துவிட்டால் பிரிக்கவே வேண்டாம். சில கம்பெனிகள் கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் கிடையாது என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள்; மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டி2 என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. டி2 என்ற அந்த எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம் உண்டு. ஆனால் கார்பனும் ஒன்றரை சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் கணிசமான பங்கு அதோடு சேர்ந்து கடினத் துகள்களாகப் போய்விடும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நன்றாக நிற்கும். எவர்சில்வர்போல் துருவே பிடிக்காது என்று நம்பிவிட முடியாது. பழச்சாறும் வியர்வையும் ஒரு சீசன் முழுக்கத் திருகுப் பக்கம் ஊறியிருக்கின்றன. கழுவும்போது வந்த கசடு செம்மண் நிறத்தில் இருந்தால் அது துரு. அப்போது பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிப்பதற்கு ஆறு முனை நட்சத்திர வாய் உள்ள டார்க்ஸ் பிட் வேண்டும். ஹார்டுவேர் கடையில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் பிளஸ் தலை ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவார்கள். அதை வைத்துத் திருகினால் திருகின் தலை நாசம். செல்போன் ரிப்பேர் செட்டுகளில் டி6, டி8 இரண்டும் இருக்கும். பெரும்பாலும் பிடியின் சின்னத் திருகுகளுக்கு டி6, அலகு சுழலும் நடுத்திருகுக்கு டி8. சில கத்திகளில் நடுத்திருகு டி10. பிட் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். திருகின் வாயில் அழுக்கு அடைத்திருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, நேர்க்குத்தாக அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அசையவில்லையா? கம்பெனியில் மரைக்குப் பசை போட்டிருப்பார்கள். பலத்தைக் காட்டாதீர்கள். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சில விநாடி வைத்தெடுத்தால் பசை இளகும். நடுத்திருகு இரண்டு பக்கமும் சேர்ந்து சுழன்றால் மறுபக்கத்துக்கும் ஒரு பிட் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றும் திருகுகளைப் போட இட்லித் தட்டைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. ஒரு குழிக்கு ஒரு திருகு, கழற்றிய வரிசையில். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். முக்கியமாக வாஷர்களை. அலகின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். பாஸ்பர் வெண்கலம் என்றால் செம்பு நிறம், நைலான் அல்லது டெஃப்லான் என்றால் வெள்ளையோ கறுப்போ. எண்ணெய்ப் பிடிப்பில் ஒன்று அலகோடு ஒட்டிக்கொண்டு வரும், இன்னொன்று தகட்டோடு நிற்கும். எது எந்தப் பக்கத்தது, எந்த முகம் அலகைப் பார்த்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் ஓடி ஓடி அந்தப் பக்கத்துக்கே பழகியிருக்கும். வாஷருக்குப் பதில் குட்டி பேரிங் இருந்தால் பதறாமல் எடுங்கள், குண்டுகள் கூட்டோடு வரும்.

வெண்கல வாஷரில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 1500 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் தெளித்து, வாஷரை ஒற்றை விரலால் அழுத்தி எட்டு வடிவத்தில் தேயுங்கள். களிம்பு போய், மேடாக இருந்த இடங்கள் மின்னினால் நிறுத்திவிடுங்கள். தகதகவென்று வரட்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் வாஷர் மெலிந்துவிடும். மெலிந்த வாஷரை ஈடுகட்டத் திருகை இறுக்க, பிடித் தகடு அலகில் உரசும். நைலான், டெஃப்லான் வாஷர்களைத் தேய்க்கவே கூடாது, ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும். அலகின் அடியில் வாஷர் உட்காரும் வட்டத்தில் துரு இருந்தால், அதே பேப்பரை விரல் நுனியில் வைத்து எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். அங்கே வில் வடிவில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அது குண்டு ஓடிய தடம். இருக்க வேண்டியதுதான், அழிக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்லும் சரக்கு மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின். வேறெதுவும் கலக்காத, தண்ணீர்போல் தெளிந்த பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். பால்போல் வெள்ளையாக இருப்பது வேறு மருந்து, அது ஆகாது. இது கனிம எண்ணெய். சிக்குவாடை அடிக்காது, நம் ஊர்க் குளிருக்கு உறையாது, காய்ந்து பிசினாகாது. பழம் நறுக்கினால் வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் இல்லை. தையல் மெஷின் எண்ணெய் இதைவிட இன்னும் மெல்லிசு, கத்திக்கு மிகப் பொருத்தம். ஆனால் சாப்பிடும் பழத்தை நறுக்கும் கத்திக்கு நான் பாரஃபினையே வைத்துக்கொள்வேன். வண்டி இன்ஜின் ஆயில் வேண்டாம். கிரீஸ் வேண்டாம்; தோப்பு மண்ணைக் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் உறையாதுதான், ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் கெட்டியாகிவிடும். வெகுநாள் துடைக்காத அடுப்பங்கரைச் சுவரில் படியும் மஞ்சள் பிசுக்கு எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

டபிள்யூ.டி-40 ஸ்பிரே பற்றி நீங்கள் கேட்கவில்லை; கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அதைத் தயாரித்ததே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான்; அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலுக்கு அப்போது அது பயன்பட்டது. பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகள் தண்ணீரை அகற்றுவதைக் குறிப்பவை, 40 என்பது நாற்பதாவது கலவை. அதில் பெரும் பங்கு ஆவியாகிப் போகிற கரைப்பான். ஆகவே பிசுக்கு எடுக்க அருமை, டர்பன்டைனுக்குப் பதில் தாராளமாக அடிக்கலாம். நிரந்தர எண்ணெய் என்று நம்பி அதையே அடித்துக்கொண்டிருந்தால் சில வாரத்தில் மறுபடி கனக்கும்.

எவ்வளவு? நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. ஊசி முனையில் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு வாஷரின் இரு முகத்திலும் ஒரு பொட்டு. விரலால் பரப்பினால் பளபளப்பு தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. குண்டு ஓடும் தடத்தில் ஒரு பொட்டு. பிரிக்காமல் விடுவதென்றால் அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு துளி. திறந்து மூடி, பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். பூட்டுத் தகடு அலகின் பின்புறத்தில் போய் முட்டுகிறதே, அந்த முகத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. அங்கே வழுக்கினால் பூட்டு நழுவி அலகு விரல்மேல் மடங்கும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் அந்த முகத்தை உலரத் துடைத்துவிடுங்கள். அதற்கு நேர்மாறாகச் சில கத்திகளில் பூட்டு இறுகிக்கொண்டு விடுவிக்க வராது. அதற்கு அந்த முகத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டால் போதும்.

நீங்கள் திணறியது திருகில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாத் திருகுகளையும் விரலால் ஏறும்வரை மட்டும் ஏற்றிவிட்டு, கத்தியை மூடுங்கள். அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் நேராக நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மெதுவாக நடுவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முதலில் நடுத்திருகை, பிறகு மற்றவற்றை இறுக்குங்கள். பிடித் திருகுகளை நன்றாகவே இறுக்கலாம், ஆனால் அவை எல்லாம் மிகச் சின்ன மரைகள். இரண்டு விரல் பலம் போதும், முழங்கை பலம் வேண்டாம்.

இனி நடுத்திருகு. கத்தியைத் திறந்து பூட்டி, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பிடித்து இடவலமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் அரைக்கால் சுற்று இறுக்குங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்கு முள் நகரும் தூரம். அதற்குமேல் ஒரே தடவையில் போகக் கூடாது. ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், எம்3 அளவுத் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் இறங்கும். அரைக்கால் சுற்றுக்கு 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடிப் பருமன். வாஷருக்கும் அலகுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய இடைவெளியே அதற்கும் குறைவுதான். அந்தப் பையன் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பியிருப்பான். உங்களுக்கு இறுக்கமும் ஆட்டமும் மாறி மாறி வந்ததே தவிர, நடுவில் இருந்த சரியான இடம் இரண்டு தடவையும் தாண்டிப் போய்விட்டது.

ஆட்டம் நின்றதும் நிறுத்திவிட்டு, ஓர் இருபது முப்பது தடவை திறந்து மூடுங்கள். எண்ணெய் பரவி வாஷர் படிந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். மறுபடி ஆட்டம் பாருங்கள். இந்த முறை திருத்தம் அரைக்காலிலும் பாதிதான் இருக்கும். ஆட்டம் துளியும் இல்லாமல், கட்டைவிரலுக்கு ஒரே சீரான சின்ன எதிர்ப்போடு திறந்தால் அதுதான் இடம். எவ்வளவு முயன்றாலும் ஆட்டம் நிற்கும் புள்ளியில் அலகு கனக்கிறது என்றால் திருகைக் குற்றம் சொல்லாதீர்கள். வாஷர் நெளிந்திருக்கும், அல்லது கூட்டும்போது அதன் ஓரம் எங்காவது மடங்கிச் சிக்கியிருக்கும். மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சில விலையுயர்ந்த கத்திகளில் நடுத்திருகுக்குள் அளவெடுத்த குழல் ஒன்று இருக்கும். அவற்றில் இந்த வித்தையே இல்லை, கடைசிவரை இறுக்கிவிட வேண்டும், இடைவெளியைக் குழலே பார்த்துக்கொள்ளும்.

இப்படிக் கண்டுபிடித்த இடம் ஒரு வாரத்தில் கலைந்துவிடக் கூடாதே! நடுத்திருகைக் கழற்றி மரையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசி முனையால் லாக்டைட் 222 என்ற மரைப்பசை ஒரு பொட்டு வையுங்கள். ஊதா நிறத்தில் இருக்கும், சின்னத் திருகுகளுக்கானது. கிடைக்காவிட்டால் நீல நிறத்து 243. சிவப்புப் பக்கமே போகாதீர்கள், அது நிரந்தரப் பூட்டு. நீலமும் இல்லையா, வீட்டில் இருக்கும் நகப்பாலிஷ் ஒரு பொட்டு. பசை வைத்த சில நிமிடங்களுக்குள் முன்பு கண்ட இடத்துக்குத் திருகைக் கொண்டுவந்துவிட்டு, ஒரு நாள் கத்தியைத் தொடாமல் வையுங்கள். பசை மரையைத் தாண்டி வாஷர் பக்கம் வழிந்தால் அலகும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

அலகை இடவலமாக அசைத்ததுபோல் மேலும் கீழுமாகவும் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் இருந்தால் அது திருகின் விவகாரமே அல்ல; பூட்டுத் தகடு தேய்ந்திருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை. திருகை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. முட்டும் முகத்தில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் தயாரித்தவர்களுக்கே அனுப்புங்கள். பலாப்பழத்தைப் பிளக்கப் பலம் கொடுத்து அழுத்தும் வேலைக்கு அந்தக் கத்தியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அலகு தானே விழுந்து மூட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பேரிங் வைத்த கத்திகளில் அது வரும், வீடியோவில் பார்க்க நன்றாகவும் இருக்கும். நீங்கள் மரத்தடியில் பால் படிந்த கையோடு கத்தியை மூடுகிறவர். பூட்டை விட்டதும் கூர் அலகு தன் பாட்டுக்கு விரலை நோக்கி விழுவதில் உங்களுக்கு என்ன லாபம்? தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கும் கத்திதான் தோப்பு வேலைக்கு நல்லது. வாஷர் வைத்த கத்திக்கு மண்ணைத் தாங்கும் சக்தியும் பேரிங்கைவிட அதிகம்.

சீசன் நாட்களில் மாலையில் கத்தியை வைக்கும் முன் திருகுப் பக்கம் பாரஃபின் ஒரு துளி விட்டு, நாலு தடவை திறந்து மூடி, வருகிற பாலைத் துடைத்துவிடுங்கள். அன்றன்றைய பால் அன்றே இளகி வந்துவிடும். காய்ந்த பிறகுதான் டர்பன்டைன் எல்லாம். சீசன் முடிந்ததும் ஒரு முழுக் கழுவல்.

அப்பாவின் பேனாக்கத்தி வேறு சமாசாரம். ஆணி அடித்த கத்தியில் தளர்த்தவோ இறுக்கவோ நம் கையில் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது எண்ணெய்க் குறை அல்ல, மரம் ஊதுவது. ஈரக்காற்றை உறிஞ்சிப் பிடி பருத்து, அலகு உட்காரும் வெட்டு ஒடுங்கிவிடுகிறது. பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய மரப்பிடி மடக்குக்கத்தி உலகப் பிரசித்தம். அதற்கும் இதே நோய் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் நகத்தால் மல்லுக்கட்ட மாட்டார்கள். மூடிய கத்தியின் பிடி வாலை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். விரலுக்குப் பிடி கிடைக்கும் அளவுக்கு அலகு வெளியே தலை நீட்டும். உங்கள் கத்தியில் அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங் இருந்தால் இந்தத் தட்டு பலிக்காது. இல்லையென்றால் செய்து பாருங்கள்.

நிரந்தர வழி வேண்டுமென்றால் நல்ல வெயில் காலத்தில், மரம் உலர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். மெல்லிய இரும்பு அளவுகோலில் உப்புத்தாள் சுற்றி, அலகு உரசும் இடத்தை வெட்டுக்குள் லேசாகத் தேய்த்து அகலப்படுத்துங்கள். தூளை ஊதிவிட்டு, ஆளிவிதை எண்ணெயைப் பிடிமரத்தின் உள்ளும் புறமும் துணியால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, சில நாள் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. திருகுப் பக்கம் ஆகாது என்று நான் சொன்ன அதே காய்ந்து இறுகும் குணம் மரத்துக்கு வேண்டியது; ஈரம் ஏறும் வழியை அது ஓரளவு அடைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டி வைத்த துணி தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள். ஆணியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வாசலினைச் சுடவைத்து இறக்கிவிடலாம், அங்கே தண்ணீர் ஏறாது.

வெயில் காலத்தில் அந்தக் கத்தி இடவலமாக ஆடுகிறதென்றால் ஆணி தளர்ந்திருக்கிறது. கீழே இரும்புக் கட்டை கொடுத்து, ஆணியின் தலையைச் சுற்றிலும் சின்னச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டி விரிக்க வேண்டும். கொல்லுப்பட்டறையில் கை பழகியவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பழைய மரம், ஓர் அடி கூடினால் பிடி ஆணியோரமாகப் பிளந்துவிடும்.